குச்சவெளியில் வலை இழுக்கும் உன் தம்பி

அன்புள்ள மகன் கோணேஸ்வரனுக்கு,

சல்லி அம்மன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அந்தக் குளிர் நாட்டில் நீயும் மருமகளும் பேரன் வீரசிங்கமும் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும். நான் சொல்லச் சொல்ல அம்மாதான் எழுதுகிறா. போன மாதம் நான் ஏசினதிலிருந்து நீ போன் எடுக்கிறாய் இல்லை, அதனால்தான் கடிதம். அம்மாவுக்குப் பிரஷர் குறையவில்லை, காற்றுக்குக் குசினிக் கூரையில் இரண்டு தகரம் போய்விட்டது, அதெல்லாம் கிடக்கட்டும். தம்பி சுலக்சன் வீட்டில் இல்லை மகன். குச்சவெளியில் கரைவலைக்காரரோடு கடற்கரை ஓலை வாடியில் கிடக்கிறான்.

கோயில் திருவிழாவில் அவன் பரதம் ஆடினதை யாரோ போனில் படம் பிடித்து அனுப்ப, மருமகளின் ஆட்கள் பார்த்துவிட்டு, உன்ர தம்பி பெரியபிள்ளை ஆகிட்டானோ, எப்ப சாமத்திய வீடு என்று உன்னைக் கேட்டுச் சிரித்தார்களாம். அந்த வெட்கத்தில் நீ எங்களுக்கு ஒரு சொல் சொல்லாமல் அவனைப் பழக்குகிற சிவரூபி டீச்சருக்குப் போன் எடுத்து, பொடியனைப் பொம்பிளையாக்கிறீங்களோ என்று கேட்டிருக்கிறாய். அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்து அழுதுவிட்டு, தமையனே இப்பிடிக் கதைச்சாப் பிறகு நான் எப்பிடி ஐயா பழக்கிறது, நானும் இந்த ஊரில இருக்கவேணும் எண்டு சொல்லிப்போட்டுப் போனா. அதோடதான் தம்பி குச்சவெளிக்குப் போனான். மட்டக்களப்பில் நடனம் படிக்க எடுக்கிற சோதனை ஆடிக் கடைசியில் வருகிறது. டீச்சர் அவனோடு போய்ப் பாடித் தாளம் தட்டாவிட்டால் அவனுக்கு ஆட ஏலாது. இந்த முறை விட்டால் வயது போய்விடுமாம்.

இனி வருவதை எழுத வேண்டாம் என்று அம்மா பேனையை வைத்துவிட்டா, நான்தான் எழுது என்றேன். சூறாவளி அடித்த வருசம் பங்குனியில் சம்பூரில் கூத்து, அம்மாவின் அப்பாவுக்குத் திரௌபதை வேசம். கட்டினது உன் அம்மம்மாவின் கூறைச்சேலை, நெஞ்சுக்குத் தேங்காய்ச் சிரட்டை. கிண்ணியாவிலிருந்தும் தோணி பிடித்து வந்து பார்த்தார்கள். அவர் தலைமயிரை விரித்துக்கொண்டு இறங்கினபோது ஆம்பிளைகளே அழுதார்கள், விடிய மாலை போட்டார்கள். ஒருவரும் சாமத்தியம் கேட்கவில்லை. அவரின் பேரைத்தானே உன் பிள்ளைக்கு வைத்திருக்கிறாய்.

வியாழக்கிழமை பஸ் ஏறித் தம்பியைக் கூட்டிவரப் போனேன். வலைக் கயிற்றில் நின்றான், உள்ளங்கை இரண்டும் கிழிந்து போயிருந்தது. ஒரு வலைக்காரன் என்னைக் கண்டுவிட்டு, அப்பு, உங்கட மகளை இஞ்ச விட்டிட்டுப் போங்கோ, நல்லா இழுக்கிறா எண்டு கத்தினான், எல்லாரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். முந்தியென்றால் அடிக்கப் போயிருப்பான். அவன் சிரித்ததுதான் எனக்குத் தாங்க ஏலாமல் இருக்கிறது. வா என்றேன், அண்ணா சொன்னது சரிதானப்பா, வெயில் ஏற முதல் வீட்ட போங்கோ எண்டு சொல்லிப்போட்டு மறுபடி கயிற்றைப் பிடித்தான்.

நீ சொன்ன சொல்லை நீதான் திருப்பி எடுக்கவேணும் மகன், நான் எடுத்தால் எடுபடாது. நீ கேட்டால் டீச்சர் வருவா. அம்மன் உங்கள் மூன்று பேரையும் காப்பாள், மருமகளோடு இதற்காகச் சண்டை பிடிக்காதே. ஆடி முடிய முதல் டீச்சருக்கு ஒரு போன் எடு. எங்களுக்கு எடுக்காவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா செல்லத்தம்பி
(எழுதினது அம்மா வள்ளிநாயகி)