பேர் கேட்டார்கள், கொடுத்தோம்

என் செல்லம்மாவுக்கு,

சம்பந்தியான பிறகும் உன்னை 'நீங்க' என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. இப்போது மட்டும் வரப்போகிறதா? நாலு பேர் கேட்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். வழக்கம்போல் குறுக்கே பேசாமல் கேள்.

நம் ஊற்றைப் பிடுங்கப் பார்த்தார்கள். ரப்பர் மலைக்கு மேலே இருக்கிற அந்த ஒரே ஊற்றுதானே நம் லயத்து வீடுகளுக்கும் கீழே சிங்கள ஊருக்கும்? காலையில் நமக்கு, மத்தியானத்துக்குப் பிறகு அவர்களுக்கு என்று நீயும் அந்த ஊர் சோமாவும் பேசி வைத்த முறை இன்றுவரை பிசகவில்லை. இப்போது தோட்டக் கம்பெனிக்காரர்கள் பழைய பங்களாவை டூரிஸ்ட்காரர்கள் தங்குகிற விடுதி ஆக்குகிறார்கள். வந்து தங்குகிறவர்கள் நீந்துகிற குளத்துக்கு நம் ஊற்றிலிருந்து பைப்பு போட வேண்டுமாம்.

பெரிய துரைக்கு அடுத்த அதிகாரியான சின்னதுரை லயத்துக்கு வந்து தண்ணீர்ச் சங்கத்துப் புத்தகத்தைப் புரட்டினார். தலைவி என்று உன் பேர் இருந்தது. "செத்தவங்க பேரை வெட்டுங்க. தலைவி இல்லாத சங்கம் என்ன சங்கம்?" என்றார். ஊற்றுத் தண்ணீர் சேர்கிற தொட்டியின் சாவியையும் கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது, செல்லம்மா. நம் தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. பிந்திப் போனால் பேர் வெட்டு, பறித்த தேயிலைக் கொழுந்து குறைந்தால் அரைப் பேர். உயிரோடு இருந்தபோது உன் பேரை வெட்டினது போதாதா?

சாவி தர முடியாது என்றேன். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பைப்போடு வருவதாகச் சொன்னார். "வேணாங்கிறவங்க பேர் குடுங்க. யார் யாருன்னு பாக்கிறேன்."

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நானும்தான், உன்னிடம் என்ன மறைப்பு? என் மகனுக்கு, உன் அருமை மருமகனுக்கு, ஃபேக்டரியில் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பயந்துதான் போனேன்.

அப்புறம் வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டும்போது நீ சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற பழைய கதை ஞாபகம் வந்தது. சங்கம் தொடங்கிய அன்று கஹவத்தை டவுனிலிருந்து வந்த அதிகாரி ஐயாவும் இதையேதான் கேட்டார். "எல்லாரும் பேர் குடுங்க." அவர் கேட்டது புத்தகத்தில் எழுதுகிற பேர். நம் ஆட்களோ அவர் கேட்டது ஒரு நாள் வேலை என்று நினைத்து, மறுநாள் லயமே மண்வெட்டியோடு ஊற்றடியில் போய் நின்றது. முதல் ஆள் நீ. அந்தத் தப்பில்தானே தொட்டியே கட்டினோம்?

சனிக்கிழமை வீடு வீடாகப் போய், நாளைக்குப் பேர் கொடுக்கப் போகிறோம் என்று மட்டும் சொன்னேன். யாரும் விளக்கம் கேட்கவில்லை. சோமாவுக்கும் ஆள் சொல்லி அனுப்பினேன்.

சின்னதுரை வந்தபோது இரண்டு ஊரும் சேற்றில் நின்று ஊற்றைத் தூர் வாரிக்கொண்டிருந்தது. பைப்பு இறக்க இடமே இல்லை. லிஸ்ட் எங்கே என்று கேட்டார்.

"பேரைத்தானேங்க கேட்டீங்க? குடுத்துக்கிட்டுத்தான் இருக்கோம்."

அவருக்கு விளங்கவில்லை. சோமா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "மகே நமத் லியன்ன மாத்தயா," என்றாள். என் பேரையும் எழுதுங்கள் ஐயா என்று. அது விளங்கிவிட்டது. பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

பைப்புக் கட்டு இன்னும் ஸ்டோர் பக்கம் கிடக்கிறது. திரும்பி வருவார்கள், எனக்குத் தெரியும். வரட்டுமே. சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது.

அன்றைக்கு வேலை செய்தவர்கள் பேரையெல்லாம் புத்தகத்தில் எழுதினோம். முதலில் உன் பேர். செத்தவள் எப்படி வேலைக்கு வந்தாள் என்று கேட்டால் கேட்கட்டும். என் பங்கை முடித்துவிட்டு உன் பங்கையும் நான்தான் வெட்டினேன். முதுகு இன்னும் நிமிரவில்லை, பாவி. ஆனாலும் சொல்கிறேன், ஊற்றடியில் எப்போது ஆள் கூடினாலும் உனக்கும் சேர்த்து நான் இறங்குவேன். எனக்கு மண்வெட்டி தூக்கத் தெம்பு இருக்கிறவரை உன் பேரை எவனாலும் வெட்ட முடியாது.

இரண்டு பேர் போடுகிற,
உன் சம்பந்தி பார்வதி