குடிக்காதவரின் சீட்டில் எழுதிய சொல்

அனுப்புநர்:
வே. சுகுமாரி,
க/பெ. வேலாயுதன்,
காரோடு, நெய்யாற்றின்கரை தாலுகா.

பெறுநர்:
மாவட்ட மருத்துவ அலுவலர் அவர்கள்,
திருவனந்தபுரம்.

பொருள்: என் கணவரின் ஈரல் நோய் குடியால் வந்ததெனத் தவறாகப் பதிவானது – திருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் வேலாயுதன், வயது 46, ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. ஆறு ஆண்டுகளாகப் பெருங்குடலில் புண்ணும் இரத்தப்போக்கும் உண்டு. எங்கள் பகுதி அரசு மருத்துவமனையில்தான் மாத்திரை வாங்குகிறார். வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, உறவினரிடம் மூலம் என்றே சொல்லிவந்தோம்.

2. சென்ற ஜூலையில் உடம்பெல்லாம் அரிப்பெடுத்து, கண் மஞ்சளித்தது. இரத்தப் பரிசோதனையில் ஈரல் நொதிகளின் அளவு மும்மடங்கு கூடியிருந்தது. அதே அரசு மருத்துவமனையில் பணியிலிருந்த மருத்துவர் குடல் நோயைப் பற்றிக் கேட்கவே இல்லை. சீட்டில் 'குடியால் ஈரல் பாதிப்பு' என்று எழுதி, வரிசையில் நின்றவர்கள் கேட்க, குடியை நிறுத்தச் சொன்னார்.

3. இனி எழுதுவதற்குக் கை கூசுகிறது. கல்யாணமான நாள் முதல் அவர் குடித்து நான் கண்டதில்லை. ஆனாலும் சீட்டை நம்பினேன். அவர் சட்டையை முகர்ந்து பார்த்தேன். வேலை செய்யும் தோட்டத்தில் போய் விசாரித்தேன். குடி நிறுத்தும் முகாமில் ஊரார் நடுவே எழுந்து சத்தியம் செய்ய வைத்தேன். என் சொல்லுக்காகச் செய்தார். திரும்பும் வழியில், "நான் தொட்டது இல்ல சுகுமாரி. நீயெங்கிலும், நீ ஒருத்தியாவது நம்பணும்" என்றார். அன்றிரவும் அவர் சட்டையை முகர்ந்தேன். அதன்பின் அவர் மருத்துவமனைக்குப் போக மறுத்துவிட்டார்.

4. பிப்ரவரியில் காய்ச்சலும் நடுக்கமும் கண்டு காரக்கோணம் மருத்துவக் கல்லூரியில் சேர்த்தோம். டாக்டர் அஜிஷா முதலில் கேட்டதே குடல் நோயைப் பற்றித்தான். ஸ்கேனில், ஈரலின் பித்தக் குழாய்கள் சுருங்கி அடைத்திருப்பது தெரிந்தது. இக்குடல் நோய் உள்ளவர்களில் சிலருக்கு இது வரும் என்றும், குடிப்பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றும் விளக்கினார். அடைப்பை நீக்கினார்கள். ஆனால் சுருக்கம் முழுதாக மாறாது, பிற்காலத்தில் ஈரல் மாற்ற நேரலாம் என்கிறார்கள்.

5. முகாமுக்கு வந்தவர்களின் வீடுகளுக்கு நானே போய் உண்மையைச் சொல்லி வருகிறேன். பலர் நம்புவதில்லை. ஆகவே பதிவைத் திருத்தி, அலுவலக முத்திரையுடன் ஒரு கடிதம் தர வேண்டுகிறேன். இக்குடல் நோய்க்கு மாத்திரை வாங்க வரும் எல்லோருக்கும் ஈரல் பரிசோதனையும் தவறாமல் செய்ய உத்தரவிட வேண்டும்.

6. அந்த மருத்துவர்மீது தண்டனை கோரவில்லை. அவர் என் கணவரைப் பார்த்தது ஐந்து நிமிடம். நான் பத்தொன்பது ஆண்டுகள் கூட வாழ்ந்தவள்.

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
வே. சுகுமாரி

இடம்: காரோடு
நாள்: 14.05.2025