ஒரு எழுத்துதான்

ஆரியசாலை,
திருவனந்தபுரம்,
14-5-2006, ஞாயிறு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அங்கே டொராண்டோவில் பனி விலகி நீயும் மாப்பிள்ளையும் பேத்தி அனுஷாவும் வெயிலைப் பார்த்திருப்பீர்கள், சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எப்போதும் முதல் வரியில் உன் பெயரை எழுதுவேன். இந்த முறை எழுதவில்லை. ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன், நடுவில் கிழித்துப் போட்டுவிடாதே.

அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு வசவு எனக்கு விழுகிறது, கீழ்வீடாகப் பார்த்திருக்கலாம் என்று. கீழே மிளகாய் மொத்தக் கடை, காலையிலிருந்து மூட்டை இறக்குகிறார்கள், நாங்கள் தும்மிக்கொண்டே சாப்பிடுகிறோம், வீட்டுக்காரனிடம் சொன்னால் இருபது வருஷமாக இல்லாத தும்மலா இப்போது என்று கேட்கிறான். ராஜமணி மாமாவுக்குச் சர்க்கரை கூடி ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார், இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார், தலையணைக்கடியில் மைசூர்பாகு வைத்துத் தின்கிறாராம். கோலப்பன் மார்ச்சோடு ரிட்டயர் ஆகிவிட்டான், அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறைத் தலைவனாக. பாராட்டு விழாவுக்கு எனக்கு அழைப்பில்லை, வந்திருந்தாலும் போயிருக்க மாட்டேன். எம்.ஏ.யில் நான் முதலாவது, அவன் ஏழாவது. நேர்முகத் தேர்வில் யார் யாருக்குச் சொல்லி அந்த வேலையை வாங்கினான் என்பது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். நான் டுட்டோரியலில் இருபத்தைந்து வருஷம் பரீட்சையில் தோற்ற பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்தேன். இதெல்லாம் உனக்குப் புதிதல்ல. சொல்ல வந்ததைத் தள்ளிப்போடத்தான் அப்பா கோலப்பனைக் கூட்டிக்கொண்டு வருகிறார் என்று நீ இதற்குள் கண்டுபிடித்திருப்பாய்.

மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய். அம்மா பேசிவிட்டு ரிசீவரை என்னிடம் நீட்டுவதற்குள் வைத்துவிட்டாய். இன்றோடு ஏழு ஞாயிறு ஆகிறது. அம்மா ஒவ்வொரு ஞாயிறும் எட்டு மணிக்கே குளித்துவிட்டு டெலிபோன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்கிறாள், பத்து மணிக்கு எழுந்து நாற்காலியைத் தூக்கி வைக்கிறாள். ஜூலையில் அனுஷாவைக் கூட்டிக்கொண்டு வருவதாக இருந்ததும் இனி இல்லை என்று நீ சொன்னதாக அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவ்வளவுக்கும் நான்தான் காரணம்.

டுட்டோரியலை மூடிய பிறகு பிரவின்ராஜ் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனதை முன்பே எழுதியிருந்தேன், என்னிடம் படித்தவன், வழுதக்காட்டில் ஒலிப்பதிவு ஸ்டூடியோ வைத்திருக்கிறான். வெளிநாட்டுக் கார்ட்டூன் ஒன்றுக்குத் தமிழில் வசனம் எழுதும் வேலை என்று மட்டும் உனக்கு எழுதினேன், என்ன கார்ட்டூன் என்று எழுத வெட்கமாக இருந்தது. ஐந்து பிள்ளைகள் பாதாளச் சாக்கடையில் விழுகிறார்கள், எழுந்து வரும்போது ஆளுக்கொரு சக்தி. ஒருவன் மூக்குச்சளியைக் கயிறாக வீசிக் கட்டிடம் ஏறுகிறான். ஒருவன் காற்று விட்டுப் பறக்கிறான், ஒருவன் காதழுக்கை உருட்டிக் குண்டு போடுகிறான், இன்னொருவன் விடும் ஏப்பத்தில் ஜன்னல்கள் நொறுங்குகின்றன. ஐந்தாவது ஒரு பெண்குழந்தை, அவள் வாந்தி எடுத்தால் இரும்பு உருகும். முதல் நாள் பார்த்தபோது எனக்கே குமட்டியது. யாப்பருங்கலம் படித்தவன் சளிக்கு வசனம் எழுதுவதா என்று அன்று சாயங்காலம் முழுக்க அம்மாவிடம் புலம்பினேன். பிறகு பழகிவிட்டது. உண்மையைச் சொன்னால் பிடித்துவிட்டது. வாயசைவுக்குச் சொல் பொருந்த வேண்டும், ஒரு அசை கூடினாலும் தெரிந்துவிடும், இதுவும் ஒரு யாப்புதான். சாக்கடைச் சிங்கங்கள் என்ற தலைப்பு நான் வைத்தது. காற்று விடுகிறவனுக்கு அபானவீரன் என்று பெயர் வைத்தேன், பிரவின்ராஜ் தரையில் உட்கார்ந்து சிரித்தான்.

அந்தப் பெண்ணுக்கு வாந்திராணி என்று அவன் எழுதி வைத்திருந்தான். அதை அடித்துவிட்டு நான் சத்தி என்று எழுதினேன். அவன் அதை வாய்விட்டு வாசித்துவிட்டு, சாரே, அடிபொளி, சென்னைக்காரன்மாருக்கு இது அம்மன் பேரு, நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு வாந்தி, ஒரு சொல்லுக்குள்ள ரெண்டு சிரிப்பு கேட்டோ என்று சொன்னான். இருபத்தைந்து வருஷத்தில் என் தமிழை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை. நீ கூப்பிட்ட அன்று அம்மா கேட்டாள், எழுதும்போ நம்ம பிள்ளைய நெனைக்கலியா என்று. நினைக்கவில்லை, மறந்துபோய்விட்டது என்று சொன்னேன். அது பொய். நினைத்தேன். பேனாவை வைத்துவிட்டு நினைத்தேன், பிறகு எடுத்து எழுதினேன். வேடிக்கை நன்றாக இருந்தது, விட மனமில்லை.

பதினோராவது பகுதியில் ஐந்து பேரும் ஒரு வேனில் கடலுக்குப் போகிறார்கள். வழியில் அந்தப் பெண் வேனுக்குள்ளேயே வாந்தி எடுத்துவிடுகிறாள், தலைவன் அவளைப் பார்த்துக் கேலியாக ஒரு வரி சொல்ல வேண்டும். வாய் ஆறு தடவை திறந்து மூடுகிறது. எதை எழுதினாலும் பொருந்தவில்லை. கடைசியில் எது பொருந்தியது என்று உனக்குத் தெரியும். பேருக்கேத்த பிள்ளை. அனுஷா பக்கத்து வீட்டுச் சிநேகிதியோடு சிடியில் பார்த்து அதைச் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள் என்றும், நீ அந்த சிடியை வாங்கிப் போட்டுப் பார்த்தாய் என்றும், கடைசியில் தமிழ் வசனம் நெல்லையப்பன் என்று வந்தது என்றும் அம்மா சொன்னாள். அந்தச் சொல்லையும் விட்டுவைக்கலியா அம்மா, அதையும் வித்துட்டாரா என்று நீ கேட்டாயாம். அந்தச் சிநேகிதி வீட்டார் யாழ்ப்பாணக்காரர்கள், அவர்கள் ஊரில் வாந்தியைச் சத்தி என்பதைத் தவிர வேறு சொல்லே கிடையாது என்பதும், அங்கே நீ சிவா என்று மட்டும் சொல்லிக்கொண்டு திரிவது அதனால்தான் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இத்தனை கடல் தாண்டிப் போயும் அந்தச் சொல் உனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது.

விழிஞ்ஞம் போன நாளை நான் மறக்கவில்லை. ஓண விடுமுறை, உனக்கு ஒன்பது வயது, ராஜமணி மாமா வீட்டாரும் நாமுமாக வேன் பிடித்துப் போனோம். வளைவில் என் வெள்ளைச் சட்டை முழுக்க எடுத்துவிட்டாய். எல்லாரும் பார்க்கும்போது நான் சொன்னேன், பேருக்கேத்த பிள்ளை என்று. வேனே சிரித்தது. நீயும் சிரித்தாய், முதலில் சிரித்தது நீதான், சிரித்துக்கொண்டே உன் புதுப் பாவாடையின் நுனியால் என் சட்டையைத் துடைத்தாய். துடைத்துத் துடைத்துப் பாவாடையும் போயிற்று. மாமா பிள்ளைகள் அன்று தொடங்கியதுதான், பள்ளிக்கூடம் வரை வந்தது. நான் அதை ஒரு நாள் வேடிக்கை என்று நினைத்தேன்.

பெயர் வைத்த அன்றே அம்மா சொன்னாள். பிள்ளைக்கி அந்தப் பேரு வேண்டாம், சத்தின்னா எங்க நாரோயில் பக்கம் என்னதுன்னு தெரியுமா, பள்ளிக்கொடத்துல வச்சுக் களியாக்கிச் சிரிப்பாவ என்று குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். சைவ நூல்களில் எல்லாம் சத்திதான், க் போட்டு எழுதுவது வடமொழி, எங்கள் திருநெல்வேலியில் வாந்தி என்றுதான் சொல்வோம், படிக்காதவர்கள் பேச்சுக்காகத் தமிழை மாற்ற முடியாது என்று சிவசத்தி என்றே பதிந்தேன். அப்போது எனக்கு வயது இருபத்து நாலு. கோலப்பன் தன் மகளுக்கு ராஜஸ்ரீ என்று பெயர் வைத்திருந்தான், அவனை ஒரு இடத்திலாவது ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. சிரிப்பாக இருக்கிறதா? எனக்கு இல்லை.

இனி எழுதப்போவது அம்மாவுக்கும் தெரியாது. பத்தாம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துக்காக ஒரு படிவம் கொடுத்துவிட்டார்கள், பெயரும் பிறந்த தேதியும் சரிதானா என்று பார்த்துத் தகப்பன் கையெழுத்துப் போட வேண்டும், திருத்தம் இருந்தால் அப்போதே எழுதலாம். நீ அதை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாய். நேரில் கேட்கப் பயந்து ஓரத்தில் பென்சிலால் சின்னதாக எழுதியிருந்தாய், அப்பா, சத்தி வேண்டாம், சக்தி என்று மாற்றித் தாருங்கள், ஒரு எழுத்துதான் என்று. நான் ரப்பரை எடுத்து அதை அழித்தேன். தாள் கிழிந்துவிடாமல் பார்த்துப் பார்த்து அழித்தேன். கையெழுத்துப் போட்டு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நீ கேட்டபோது, ஹெட்மாஸ்டரிடம் எவ்வளவோ சொன்னேன், இனி மாற்ற முடியாது என்றுவிட்டார் என்று சொன்னேன். நீ நம்பினாய். அப்பா நமக்காகப் போய்க் கேட்டாரே என்று சந்தோஷமாகக்கூட இருந்தாய், அன்று எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாய். அந்த ஹெட்மாஸ்டரிடம் நான் வாயே திறக்கவில்லை. பிறகு பாஸ்போர்ட்டிலும் அதுவே ஏறியது, கல்யாணப் பத்திரிகையிலும் ஏறியது. என் வாழ்க்கையில் எனக்கு அநியாயம் செய்தவர்கள் பட்டியல் ஒன்று என்னிடம் எப்போதும் உண்டு, யாரைப் பார்த்தாலும் ஒப்பிப்பேன். உன்னுடைய பட்டியலில் முதல் பெயர் என்னுடையது, அதை நீ யாரிடமும் ஒப்பித்ததில்லை.

பிரவின்ராஜிடம் போய் அந்தப் பெயரை மாற்றச் சொல்லிக் கேட்டேன். சாரே, அது இனி நடக்காது, பிள்ளைகள் எல்லாம் அதைத்தான் விளிக்குது, டி-சர்ட்டுல வரைக்கும் அடிச்சாச்சு என்றான். ஆரியசாலைத் தெருவிலும் பிள்ளைகள் சத்தி பொங்குது தள்ளி நில்லு என்று கத்திக்கொண்டு ஓடுகின்றன, மிளகாய் மூட்டைக்காரர்கள் சிரிக்கிறார்கள். அப்படியானால் அடுத்த இருபத்தாறு பகுதிகளை நான் எழுதவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். யாரிடம் கொடுத்தான் தெரியுமா, கோலப்பனிடம். இனி சிடியில் அவன் பெயர்தான் வரும், நீ பார்த்தால் திகைக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். இதை உனக்காகச் செய்த தியாகம் என்று நினைத்துவிடாதே. எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது, அவனுக்கு அசை எண்ணக்கூடத் தெரியாது. எழுதியது எழுதியதுதான், அதைத் திருப்பி வாங்க என்னால் முடியவில்லை. படிவத்தில் நீ எழுதியதை அழித்தது நான்தான் என்று சொல்ல மட்டும் முடியும், அதைச் சொல்லிவிட்டேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. என்னோடு பேச வேண்டாம், அம்மாவைக் கூப்பிடு. அந்த நேரத்துக்கு நான் வெளியே போய்விடுகிறேன்.

ஜூலையில் வர மனம் மாறினால், விமானத்தில் ஏறும் முன் அனுஷாவுக்கு வயிறு நிறையக் கொடுக்காதே, காரில் அவளுக்கும் உன்னைப்போலத்தான் என்று அம்மா சொன்னாள். இங்கே இறங்கிக் காரில் ஏறியதும் உப்பில் ஊறிய நார்த்தங்காய்த் துண்டு ஒன்று வாயில் போட்டு வை, அம்மா பாட்டிலில் போட்டு எடுத்து வைத்திருக்கிறாள். எடுத்துவிட்டாலும் திட்டாதே. அவள் யார் சட்டையையும் துடைக்க வேண்டாம் என்று சொல். மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் என் ஆசி. நீ தீர்க்காயுசாக, மனக்குறை இல்லாமல் இருக்க வேண்டும்.

உறையின் மேல் உன் பெயரை எழுதிவிட்டுத்தான் கடிதத்தைத் தொடங்கினேன். சிவசக்தி என்று எழுதியிருக்கிறேன், இங்கிலீஷிலும் கே போட்டு. கை இரண்டு தடவை பழைய மாதிரியே போயிற்று, இரண்டு உறை வீணாயிற்று. அங்கே உங்கள் தபால்காரர் இது வேறு யாரோ என்று திருப்பிவிடாமல் இருக்க வேண்டும், வாசலில் சொல்லி வை.

இப்படிக்கு,
உன் அப்பா
நெல்லையப்பன்