இறங்கி நின்ற குற்றம்

நீங்கள் இடப்பக்கம்தான் சென்றீர்கள். நிலக்காரப் பண்ணாடியின் மோட்டார் கார்தான் வளைவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு தப்பான பக்கம் வந்து உங்களை அடித்துக் கொன்றது. ஆனால் காகிதத்தில் குற்றம் உங்கள் பேரில் இருக்கிறது.

இன்று காலை அதே கணபதி வளைவில் சாலை நடுவே சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். நீங்கள் செத்து இரண்டு வருஷம் கழித்துக் கோடு!

மில்லுக்குச் சைக்கிளில் ஒன்றாகத்தான் போவோம். ஆளில்லாத சாலையிலும் திரும்புமுன் கையை நீட்டுவீர்கள்.

“யாருக்குங்க கை காட்டறீங்க? காக்காய்க்கா?” என்பேன்.

“ஏனுங்க, காக்காயும் ரோட்டுலதானுங்க நடக்குது” என்பீர்கள்.

அப்படிப்பட்டவர், பண்ணாடியின் கார் வந்தால் மட்டும் இறங்கி, தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பீர்கள். இறங்காமல் போன என்னை ஒருநாள் அவர் டிரைவரிடம் காரை நிறுத்தச் சொல்லி, “ஏன்டா, சைக்கிள் ஏறுனா பெரியாளு ஆயிருவியா?” என்று ஏசினார். எனக்கு அப்போதே தலை நரைத்துவிட்டது.

“எறங்கிப்போட்டா முடிஞ்சுதுங்க. வம்பு எதுக்குங்க?” என்றீர்கள். மறுநாளிலிருந்து நானும் இறங்கினேன்.

நீங்கள் செத்த அன்று சாயங்காலம் பண்ணாடி காரின் ஹாரன் கேட்டதும் எனக்கு முன்னால் போன நீங்கள் இறங்கினீர்கள். ஒரு கை சைக்கிளில், ஒரு கை துண்டில். கார் நேராக உங்கள் மேல் வந்தது. விலகக் கை ஒழியவில்லை.

கடைப் பலகைகளைப் பார்த்து எழுத்துக் கற்றவன் நான். சாலை விதிகளை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன்.

“ரோட்டுல எறங்கி நின்னது யாரு?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“பண்ணாடி வந்தா எறங்கித்தானுங்க ஆகோணும்.”

“அது எந்தச் சட்டத்துல இருக்குது?”

நாற்காலியில் உட்கார்ந்திருந்த பண்ணாடி வெற்றிலையை மென்றபடி, “நானா அவனை எறங்கச் சொன்னேன்?” என்றார். என்னை ஏசிய அதே வாய். காறித் துப்பத் தோன்றியது, விழுங்கிக்கொண்டேன்.

‘சைக்கிள்காரர் திடீரென இறங்கி நின்றதே காரணம்’ என்று எழுதி உங்கள் மனைவியிடம் கைநாட்டு வாங்கினார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக்கூடக் காட்டவில்லை. “அவரு தப்பா ஓட்டுனாருங்களாண்ணா?” என்று அந்த அம்மாள் இன்னும் என்னைக் கேட்கிறார்.

இன்ஸ்பெக்டர் அந்த வரியை அடித்துவிட்டு, கார் தப்பான பக்கம் வந்தது என்று எழுத வேண்டும். எழுதியதை உங்கள் மனைவிக்குப் படித்துக் காட்ட வேண்டும். டிரைவர் வளைவில் தன் பக்கத்தில் வர வேண்டும். பண்ணாடி உங்கள் வாசலுக்கு நடந்து வந்து, இறங்க வைத்தது நான்தான் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். மில்லுக்குப் போகும் நம் ஆட்கள் எவன் வண்டிக்கும் இறங்கக் கூடாது. இடப்பக்கமாக, உட்கார்ந்தபடியே போக வேண்டும்.

முதலில் நான். நேற்று அந்த ஹாரன் கேட்டதும் என் கால் தானாகப் பெடலை விட்டது. திரும்ப எடுத்து வைத்து மிதித்தேன்.