நீ பூட்டச் சொன்ன போர்ட்

இன்று புது நெட்வொர்க் சுவிட்ச் வந்தது. பெட்டியைப் பிரித்ததும் கேபிள் செருகும் போர்ட் வாயில் செருகியிருந்த கறுப்பு ரப்பர் மூடிகள்தான் முதலில் கண்ணில் பட்டன. அவற்றில் ஒன்றைப் பிடுங்கிப் பேனா முனையில் மாட்டிக்கொள்வாயே, கழுதை, அந்த ஞாபகம் வந்துவிட்டது. நானும் ஒன்றை மாட்டிக்கொண்டேன்.

நம் மருத்துவமனைக்கு இங்கே கள்ளக்குறிச்சியில் ஒரு கட்டடம், திருக்கோவிலூரில் ஒன்று. இங்கே எடுக்கும் ஸ்கேன் படம் அங்கே இருக்கும் பெரிய டாக்டருக்கு ஃபைபர் கேபிள் வழியாகப் போக வேண்டும். இந்த முனையில் நான், அந்த முனையில் நீ. கம்ப்ரஷன் போட்டால் படம் சுருங்கி, அதே கேபிளில் கூடுதலாகப் போகும். என்கிரிப்ஷன் போட்டால் படம் பூட்டிக்கொள்ளும், நடுவழியில் யார் கம்பியைத் தொட்டாலும் ஒன்றும் விளங்காது. மேனேஜருக்கு முதலாவது மட்டும் போதும். நீதான் விடவில்லை.

"எங்க ஊர்ல ஒருத்தர் மாத்திரை வாங்கினாலே சாயங்காலத்துக்குள்ள தெரு பூரா தெரிஞ்சிடும் சார். படத்தையும் தொறந்து வுடணுமா?" என்று கேட்டாய். அவர் ஒப்புக்கொண்டார். அத்தாவின் மளிகைக் கடையில் வளர்ந்தவள் நான். அடுத்தவர் வீட்டு நோயைப் பற்றி அரிசி அளக்கும் நேரத்தில் எவ்வளவு பேசுவார்கள் என்று எனக்கும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கமும் போர்ட்டை அணைத்துவிட்டு உட்கார்ந்தோம். ஒவ்வொரு சுவிட்சுக்கும் இரண்டு ரகசியச் சொல் கொடுக்க வேண்டும்: முதலில் எதிர் முனையுடையது, பிறகு தன்னுடையது. டீயானாலும் சுடிதார் நிறமானாலும் ஒரே மாதிரி வாங்கியே பழகியவர்கள் நாம். போனில் ஒருவருக்கொருவர் வாசித்தபடி, இரண்டு பேரும் ஒரே வரிசையில் அடித்து வைத்தோம். போர்ட் எழுந்திருக்கவே இல்லை. எனக்கு வியர்த்துவிட்டது. நீ சிரித்தாய்.

"ஏய், நான் உனக்கு எதிர்ல இருக்கேன்டி. ஒண்ணா அடிச்சிக்கினு உக்காந்தா எப்படி? மாத்தி அடி."

மாற்றி அடித்தேன். பச்சை விளக்கு எரிந்தது. அதைக் கொண்டாடத்தான் கரியாலூர் அருவிக்குப் போனோம். பாதி வழியிலேயே நீ உட்கார்ந்துவிட்டாய்.

"இன்னாடி, கெழவியாயிட்டியா?" என்றேன்.

"படி ஜாஸ்தி" என்றாய். நானும் நம்பினேன்.

பிறகு ஒருநாள் நீ லீவு. அன்று சுவிட்ச் விளக்குகள் ஓயாமல் மின்னின. சாயங்காலம் போனில், "இன்னிக்கு டிராஃபிக் ஜாஸ்திடி" என்றேன்.

"யாரோ பெரிய பேஷண்ட்டா இருக்கும்" என்றாய். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

நீ கண்ணை மூடிய பிறகுதான் உன் தங்கை சொன்னாள். அன்று எனக்குக் கீழே, தரைத்தளத்து ஸ்கேன் அறையில் படுத்திருந்தது நீதானாம். உன் படங்கள்தான் என் கண்ணெதிரே பூட்டிக்கொண்டு திருக்கோவிலூருக்குப் போயிருக்கின்றன. என்னிடம்கூடவா மறைக்க வேண்டும்? வெகுநாள் அழுதேன், அதைவிட வெகுநாள் திட்டினேன்.

இன்று புது மேனேஜரும் அதையே சொன்னார்: "கம்ப்ரஷன் போதும் மேடம், என்கிரிப்ஷன் அப்புறம் பார்த்துக்கலாம்." முடியாது என்றேன். போர்ட்டைப் பூட்டாமல் ஒரு படம்கூடப் போகாது என்றேன். என் குரல் எனக்கே உன் குரலாகக் கேட்டது.

அந்த முனையில் உன் இடத்துக்கு வந்தவரிடம் போனில் சொன்னேன்: "ரெண்டு பேரும் ஒரே மாதிரி அடிக்கக் கூடாதுங்க. நீங்க எனக்கு எதிர்ல இருக்கீங்க, மாத்தி அடிங்க." முதல் தடவையிலேயே பச்சை விளக்கு எரிந்தது.

இப்போது அது மின்னிக்கொண்டிருக்கிறது. மலையிலிருந்து வந்தவரோ, பக்கத்துத் தெருக்காரரோ, யாருடைய படமோ போகிறது. யாருடையது என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். உன் மேல் கோபம் மட்டும் இன்னும் தீரவில்லை. ஆனால் நீயே திரும்பி வந்து திறந்து வைக்கச் சொன்னாலும் திறக்க மாட்டேன்டி.