நாற்பதாவது நிமிடம்

ஜூன் 3

அன்புள்ள அண்ணிக்கு,

இரண்டு வருஷம் ஒரே மேஜையில் என்னோடு வேலை பார்த்தவளை அண்ணி என்று எழுதக் கை கூசுகிறது. என்ன செய்வது, என் அண்ணனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாய். போனில் பேசலாமென்றால் அவன் நடுவில் புகுந்து தீர்ப்பு சொல்கிறான். அதனால்தான் கடிதம்.

ஜியோலைட் குழம்பைச் சூடாக்கினால், விதைத் துகள் எதுவும் போடாமலே நாற்பதாவது நிமிடத்தில் படிகம் தானாகப் பிறக்கும் என்று நம் கட்டுரையில் எழுதினோமே, இங்கே பிறக்க மாட்டேன் என்கிறது. எட்டு மாதம் காத்திருந்து எக்ஸ்ரே நிலையத்தில் ஒரு மாதம் வாங்கியிருக்கிறேன். குழம்புக்குள் எக்ஸ்ரேயைச் செலுத்திவிட்டுத் திரையையே பார்க்கிறேன். படிகம் வந்தால் கோட்டில் ஒரு முகடு எழ வேண்டும். ஏழு தடவையும் கோடு படுத்தே கிடக்கிறது. "இன்னிக்காவது எழுந்திருக்குமா மேடம்?" என்று கேட்டுவிட்டுப் போகிறார் நிலையத்துப் பொறியாளர். அன்று குழம்பு கலக்கியவள் நீ. என்ன செய்தாய் என்று ஒன்றுவிடாமல் எழுது.

எரிச்சலுடன்,
உன் நாத்தனார்

ஜூன் 9

அன்புள்ள நாத்தனாருக்கு,

இது கடிதமா, குற்றப்பத்திரிகையா? நலமா என்று ஒரு வார்த்தை இல்லை. நாங்கள் நலம். ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுவதை உன் அண்ணன் இன்னும் விடவில்லை. நீங்கள் வளர்த்த லட்சணம்.

நான் விசேஷமாக ஒன்றும் செய்யவில்லை. அலுமினாவை முதலில் கரை, சிலிக்காவைச் சொட்டுச் சொட்டாக விடு. உனக்குப் பொறுமை எந்தக் காலத்தில் இருந்தது?

இருபத்தெட்டாம் தேதி கல்லூரிக் குழு கூடி என் வேலையை நிரந்தரமாக்குவதா என்று முடிவு செய்கிறது. மூன்று வருஷமாகத் தற்காலிகம். என்னிடம் உருப்படியாக இருப்பது அந்தக் கட்டுரை ஒன்றுதான். இந்த நேரம் பார்த்து அதைத் தோண்டாதே.

அன்புடன்,
உன் அண்ணி

ஜூன் 14

அடியே,

சொட்டுச் சொட்டாக விட்டேன். கை மரத்ததுதான் மிச்சம்.

கடைசியில் இங்கே வாங்கிய புதுக் குடுவையை ஒதுக்கிவிட்டு, ஆய்வக அலமாரியைக் குடைந்து நம் பழைய டெஃப்லான் குடுவையை எடுத்தேன். அதே குழம்பை அதில் ஊற்றினேன். முப்பத்தொன்பதாவது நிமிடம் முகடு எழுந்தது. பொறியாளர் கை தட்டினார். எனக்குக் குடுவைமேல் சந்தேகம் வந்தது. குடுவையில் காரக் கரைசல் ஊற்றி, விதிப்படி ஒரு ராத்திரி முழுக்கச் சூட்டில் வைத்துக் கழுவினேன். மறுபடி குழம்பு ஊற்றினேன். கோடு மறுபடி படுத்துவிட்டது.

படிகம் தானாகப் பிறக்கவில்லை. முந்தைய தடவையின் துகள் சுவரில் ஒட்டியிருந்து விதையாக வேலை செய்திருக்கிறது. நோட்டில் தினமும் 'காரத்தில் கழுவியாயிற்று' என்று உன் கையெழுத்து இருக்கிறது. கழுவினாயா?

தூர தேசத்து ஆராய்ச்சிப் பெண் ஒருத்தி எனக்கு எழுதியிருக்கிறாள். நம் கட்டுரையை நம்பிப் பதினான்கு மாதமாகச் செய்து பார்க்கிறாளாம். தன் கையில்தான் கோளாறு என்று நினைக்கிறாள். ஆய்வை விட்டுவிடட்டுமா என்று என்னையே கேட்கிறாள். நான் என்ன பதில் எழுத?

உன் நாத்தனார்

ஜூன் 19

அன்புள்ளவளுக்கு,

கழுவினேன். வெறும் தண்ணீரில்.

காரக் கழுவலுக்கு ஏற்பாடு செய்யவே ஒரு மணி நேரம் பிடிக்கும். ஐந்து மணிக்கு உன் அண்ணன் வாசலில் பைக்கோடு நிற்பார். ஐந்தரைக்கு அவருக்கு ஷிப்ட். கல்யாணத்துக்கு முன் அந்த அரை மணிதான் எங்களுக்கு. "நீ கிளம்புடீ, நான் பூட்டிக்கிறேன்" என்று சிரித்து அனுப்பியவள் நீதான்.

முகடு வந்த அன்று எல்லாரும் குதித்தீர்கள். எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

இருபத்தெட்டு வரைக்கும் பொறு. பதினான்கு மாதம் பொறுத்தவள் இன்னும் ஒன்பது நாள் பொறுக்க மாட்டாளா? இதெல்லாம் உன் அண்ணனுக்குத் தெரியாது. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் அண்ணி

ஜூன் 22

அன்புள்ள அண்ணிக்கு,

குழு உன்னை நம்பி வேலை கொடுக்கட்டும், மறுநாள் உண்மையைச் சொல்லலாம் என்கிறாயா? படித்ததும் கடிதத்தைத் தூக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நீவி வைத்தேன். கோபத்தில் அழுகைதான் வருகிறது.

கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று ஆய்விதழுக்கு ஒரு கடிதம் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். நோட்டைப் பார்த்துவிட்டுக் குடுவையைப் பார்க்காதவள் நான். அதனால் குற்றத்தை இருவர்மேலும் போட்டு, என் கையெழுத்தையும் போட்டுவிட்டேன். உன் கையெழுத்து இல்லாமல் அனுப்ப மாட்டேன். அந்தப் பெண்ணின் முகவரியும் இருக்கிறது.

இனி உன் பாடு.

உன் நாத்தனார்

ஜூலை 24

அன்புள்ள நாத்தனாருக்கு,

ஆய்விதழுக்கு நீ எழுதிய கடிதத்தைக் கிழித்துவிட்டேன். பயப்படாதே, வேறு எழுதி அனுப்பினேன். கழுவாததும் நான், மறைத்ததும் நான், நீ என்னை நம்பினாய், அவ்வளவுதான் என்று எழுதினேன். நகலைக் குழுவிடமும் நானே கொடுத்தேன். என் நேர்மையை மனமாரப் பாராட்டினார்கள். வேலையை வேறொருவருக்குக் கொடுத்தார்கள்.

உன் அண்ணனிடம் சொன்னேன். "அந்த அரை மணி நேரத்துக்காகவா?" என்று மட்டும் கேட்டார். அதன்பிறகு வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது.

நீ செய்தது சரி என்று தெரிகிறது. தெரிந்தும் உன்மேல் கோபம் தீரவில்லை. தீர்ந்தால் நானே எழுதுகிறேன். அதுவரை நீ எழுத வேண்டாம்.

அந்தப் பெண்ணுக்கும் எல்லாவற்றையும் எழுதினேன். நேற்று பதில் வந்தது. என்னென்ன திட்டு இருக்குமோ என்று சமையலறையில் நின்றபடியே பிரித்தேன். "அப்படியானால் என் கை சரியாகத்தான் இருந்திருக்கிறது" என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள். நாலு பக்கம் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

உன் அண்ணி