உன் கல்லுக்குப் போகும் பாதை

ஒக்கூர்ப் பக்கம்
பிரஜோத்பத்தி வருஷம் மாசி மாதம் 12

சிரஞ்சீவி முத்துவீரனுக்கு அம்மா சொல்லி எழுதுவது. சிரஞ்சீவி என்ற சொல்லை மட்டும் இரண்டு தரம் மை தொட்டு அழுத்தி எழுதச் சொல்லியிருக்கிறேன், மற்ற எழுத்தைவிட அது தடித்துத் தெரிந்தால் பிழை என்று நினைக்காதே. இங்கே நான், உன் அப்பா, காளையார்கோவிலில் உன் தங்கை கருப்பி, எல்லாரும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். செவலைப் பசு கிடேரி ஈன்றிருக்கிறது. நீ சுகமாக இருப்பதாகத் தை மாதம் போட்ட கடிதம் கிடைத்தது. அதை இன்னொரு தரமும் எழுது, ஒரு தரம் கேட்டது எனக்குப் போதவில்லை. இதை எழுதுவது மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா இன்பமேரி. நான் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுவதாக மாதா மேல் சத்தியம் செய்துவிட்டுத்தான் பேனாவை எடுத்திருக்கிறாள்.

பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்ததா என்று கேட்டிருந்தாய். வந்தது. போன மாசியில் வந்தது. பெட்டி மட்டும் வந்தது. நீ பர்மாவில் மரம் அறுக்கும் கூப்புக்குள் போகிறாய், அங்கே தபால் கிடையாது, ஒரு வருஷம் எழுத முடியாது என்பதையெல்லாம் பெட்டியோடு ஊருக்கு வந்த ஆளிடம் வாயால் சொல்லி அனுப்பியதாக இப்போது எழுதியிருக்கிறாய். அந்த மனிதர் கப்பலிலேயே காய்ச்சல் கண்டு, நாகப்பட்டினத்தில் இறங்கியதும் படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம். பெட்டி மேல் எழுதியிருந்த ஊர்ப்பெயரைப் பார்த்து யார் யாரோ ஏற்றிவிட்டு, கடைசியில் முன்பின் தெரியாத ஒரு வண்டிக்காரன் வாசலில் இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டான். கடல் தாண்டிப் போனவன் பெட்டி ஆள் இல்லாமல் வீட்டுக்கு வந்தால் நம் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். நம் தெரு மீனம்மாள் புருஷனுடைய பெட்டி அப்படித்தான் வந்தது, நீதான் அதை உள்ளே தூக்கிக்கொண்டு போனாய். தெரிந்தும் ஒரு துண்டுக் காகிதம் உள்ளே போடாமல் அனுப்பினாயே. அதுதான் என் கோபம். அதற்கு மேல் கோபப்பட எனக்குத் தெம்பு இல்லை.

பெட்டியைப் பார்த்ததும் பக்கத்து வீட்டு ஒச்சம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள். நான் அழவில்லை. ஆறு மாதம் இல்லை இல்லை என்றே சொன்னேன். உன் பழைய விலாசத்துக்கு இரண்டு கடிதம் போட்டோம், பதில் இல்லை. ஆவணியில் நான்தான் சரி என்றேன். உன் அப்பா சொல்லவில்லை, பங்காளிகள் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். செய்துவிடுங்கள், பிள்ளை பசியோடு அலைய வேண்டாம் என்றேன். அதன் பிறகு ஒரு வாரம் அழுதேன், அதோடு சரி. உனக்குக் கருமாதி நடந்தது. அப்பனுக்குப் பிள்ளை செய்வதுதான் முறை, இங்கே முறை தலைகீழாகி உன் அப்பா ஓரமாக நிற்க உன் பெரியப்பா மகன் தலையை மழித்துக்கொண்டான். உன் வேட்டி நான்கையும் வண்ணாருக்குக் கொடுத்துவிட்டோம். சீமையில் இறந்தவர்களுக்கு ஊன்றுகிற மாதிரி ஐயனார் கோவில் காட்டு எல்லையில் உனக்கும் ஒரு கல் ஊன்றினோம். வாத்தியாரம்மா இதையெல்லாம் எழுத வேண்டுமா என்கிறாள். எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

அதற்கப்புறம் நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டேன். கொடுத்தால் குடிப்பேன், கொடுக்காவிட்டால் கேட்கமாட்டேன். நாற்பதாம் நாள் விடிகாலையில் உன் அப்பா ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்து என் தலைமாட்டில் வைத்து, "எந்திரி, கல்லுக்கு ஊத்திட்டு வருவோம்" என்றார். இருபத்தாறு வருஷத்தில் அந்த மனிதர் என்னை எங்கேயும் கூட்டிக்கொண்டு போனதில்லை. அன்றிலிருந்து தினமும் நடக்கிறோம். அவர் பத்தடி முன்னால், நான் பின்னால். ஒச்சம்மாள் தண்ணீர்க் குடத்தோடு நின்று, "ஏத்தா, பொண்ணு மாப்பிள்ளை கணக்கா சோடி போட்டு எங்குட்டுப் போறீக?" என்று கேட்டாள். சிரிக்க வேண்டிய பேச்சு என்று தெரிந்தது, சிரிப்பு வரவில்லை.

பாதை உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் நீ ஓடியே பழகியவன், நடந்திருக்க மாட்டாய். ஒன்றரை மைல்தான். மேடு பள்ளம் கிடையாது, என்னைப் போல் முழங்கால் வலிக்காரியும் போய் வரலாம். கண்மாய்க் கரையிலேயே போனால் பழைய மடை. அதன் கல்தூணில் எழுத்து வெட்டியிருக்கிறது, வாத்தியாரம்மாவைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன், அவளுக்கும் வாசிக்க வரவில்லை. அங்கிருந்து இறங்கினால் செம்மண் பொட்டல், மழை பெய்து மண் கரைந்தால் அந்தக் காலத்தில் ஆட்களைப் புதைத்த தாழிகளின் வாய் வட்டம் வட்டமாகத் தெரியும். மிதிக்காமல் சுற்றிப் போ என்று உன் அப்பா கை காட்டுவார். அப்புறம் உசிலையும் வீரையும் குருந்தமுமாகக் காடு தொடங்கிவிடும். உள்ளே கூரை இல்லாத கற்கோவில் ஒன்று, சாமி இல்லை, யார் கட்டியது என்று யாருக்கும் தெரியாது. அதன் படியில் உட்கார்ந்து அவர் மடியிலிருந்து பொரி எடுத்துக் கொடுப்பார், தின்போம். மயில் அகவும். எழுந்து கொஞ்ச தூரம் போனால் மண்குதிரைகள், அதற்கு இந்தப் பக்கம் உன் கல். தண்ணீர் ஊற்றி அகல் ஏற்றிவிட்டுத் திரும்பினால் வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டேன். கால் போனது, நானும் கூடப் போனேன், அவ்வளவுதான்.

தையில் உன் கடிதம் வந்தது. வாத்தியாரம்மா படிக்கும்போதே அழுதுவிட்டாள். உன் அப்பா தெருவில் இறங்கிக் கண்மாய் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார், ஏன் போனார் என்று அவருக்கே தெரியாது. கருப்பி செய்தி கேட்டுக் காளையார்கோவிலிலிருந்து கைப்பிள்ளையோடு நடந்தே வந்து சேர்ந்தாள். நான் முறத்தில் இருந்த உளுந்தைப் புடைத்து முடித்தேன். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ராசா. உன்னிடம் மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது. பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று காது கேட்டது, புத்திக்குத் தெரிந்தது, அதற்கு உள்ளே ஒன்றும் அசையவில்லை. ஊரெல்லாம் வந்து என் முகத்தைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் விடிந்ததும் எழுந்து சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். கடிதம் வந்த விஷயம் பொட்டலுக்குப் போனபிறகுதான் நினைவு வந்தது. அந்தக் காலத்தில் வயதாகியும் சாவு வராதவர்களை உயிரோடு தாழியில் உட்கார வைத்து, சோறும் விளக்கும் வைத்து மூடிவிடுவார்களாம், ஆடு மேய்த்த நாளில் கேட்டதாக உன் அப்பா சொல்லியிருக்கிறார். அந்த வட்டங்களைப் பார்த்ததும் நானும் அதைத்தான் செய்தேன் என்று தோன்றியது. சொம்புத் தண்ணீரை அங்கேயே கொட்டிவிட்டேன்.

இப்போது கல்தான் சங்கடம். உயிரோடு இருப்பவனுக்குக் கல் நிற்கக்கூடாது என்று ஊரில் பேசுகிறார்கள், எனக்கும் அதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. ஒரு நாள் நானே பிடுங்கப் போனேன். ஐயனாருக்குப் பூசை வைக்கும் பெத்த வேளார் ஓடிவந்து கையைப் பிடித்துவிட்டார். அந்தக் காட்டிலிருந்து ஒரு காய்ந்த சுள்ளிகூட வெளியே போகக்கூடாது என்பது உனக்குத் தெரிந்ததுதானே. "ஊன்றுன கை புடுங்கக் கூடாது தாயி, யாருக்கு ஊன்றுனீகளோ அவுக வந்து அவுக கையால படுக்கப் போடட்டும்" என்றார். வேறு வழி இல்லையா என்று உன் அப்பா இரண்டு தரம் கேட்டுப் பார்த்தார், இல்லை என்றுவிட்டார். ஆகையால் நீ வரவேண்டும். கங்காணியிடம் காரணம் சொன்னால் சிரிப்பான், அம்மாவுக்கு முடியவில்லை என்று சொல், பொய்யும் இல்லை. வந்ததும் நேரே வாசலுக்கு வந்துவிடாதே, கருமாதி முடிந்தவன் தலைவாசல் வழியாக நுழையக்கூடாதாம். முதலில் காட்டுக்கு வா, கல்லைப் படுக்கப் போடு, அப்புறம் கொல்லைப்பக்கம் வா. அங்கே கூரை ஓடுகளைப் பிரித்துத்தான் உன்னை உள்ளே இறக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள், உன் அப்பா ஏணிக்குச் சொல்லி வைத்துவிட்டார். புதிதாகப் பெயரும் வைக்க வேண்டுமாம். என்ன பெயர் வேண்டும் என்று இப்போதே யோசித்து வை, எனக்குப் பழைய பெயர்தான் வாயில் வரும்.

இன்னமும் நாங்கள் தினமும் நடக்கிறோம். அகல் ஏற்றுவதில்லை, தண்ணீர் ஊற்றுவதில்லை, சும்மா போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். இப்போது உன் அப்பா முன்னால் போவதில்லை, என் பக்கத்திலேயே வருகிறார். கற்கோவில் படியில் உட்கார்ந்தால் பாதை கண்மாய் வரைக்கும் நேராகத் தெரிகிறது. நீ வந்தால் அங்கிருந்துதான் முதலில் பார்ப்பேன். ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். உன்னைப் பார்த்ததும் எனக்கு அழுகை வராமல் போகலாம், ஓடிவந்து கட்டிக்கொள்ளாமலும் நிற்கலாம். கோபித்துக்கொள்ளாதே. உனக்காக அழ வேண்டியதை ஆவணியிலேயே அழுது தீர்த்துவிட்டேன். நீ கிட்டே வந்து நில், கொஞ்ச நேரம் போகட்டும்.

குளிரில் தலைக்கு எண்ணெய் வைக்காதே, ஆற்றுத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதே. ஐயனாரும் உன் குலத்துப் பெரியவர்களும் உன் முன்னும் பின்னும் காவல் நிற்கட்டும், நூறு வயசு இரு. மறந்துவிடாதே, கப்பல் ஏறும்போது பாரமாக இருக்கிறது என்று பெட்டியை யாரிடமும் கொடுத்து முன்னால் அனுப்பிவிடாதே. தலையில் வைத்துக்கொண்டாவது நீயே தூக்கிக்கொண்டு வா. இன்னொரு தரம் அது தனியாக வந்தால் நான் திறக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மாக்கண்ணு
(கைநாட்டு)

சொன்னபடி எழுதியது: இன்பமேரி